நூற்றுக்கு இருபது கழிவு: அது யாருடைய காசு?

"தீபாவளிக்கு ஓர் இருபது வீதம் போட்டுவிடுவோம்." கொழும்பில் ஒன்லைன் கடை நடத்துபவர்கள் இதைச் சொல்லிக் கேட்காத ஆண்டு இல்லை. எதிலிருந்து இருபது, யாருக்கு இருபது, எத்தனை நாளைக்கு என்று திருப்பிக் கேட்டால், "எல்லாரும் போடுகிறார்கள், நாங்களும் போடத்தானே வேண்டும்" என்பார்கள். சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. பண்டிகை முடிந்த மறுவாரம் இவர்கள் கொண்டுவரும் கொப்பிகளில் விற்பனை இரண்டு மடங்காகியிருக்கும். வங்கிக் கணக்கில் மட்டும் காசு இருக்காது. "எங்கே போனது?" என்று என்னைக் கேட்பார்கள், நான்தான் எடுத்துக்கொண்டு போனவன் போல.

காசு எங்கே போகிறது, அப்படிப் போகாமல் ஒரு கழிவை எப்படி அமைப்பது என்பதைப் புதிதாகக் கடை திறப்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். தமிழ்நாட்டில் தள்ளுபடி என்பதை நாங்கள் விலைக்கழிவு என்கிறோம், சுருக்கமாகக் கழிவு. கழிவு என்றால் குப்பை என்றும் பொருள் உண்டு. அவசரத்தில் போட்ட சில கழிவுகளைப் பார்த்தால் இரண்டு பொருளும் சரிதான் என்று தோன்றும்.

புறக்கோட்டையில் ஒரு கல்குலேட்டர்

கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடைக்குள் போங்கள். சேலையைக் கையில் எடுத்துவிட்டு, "கடைசி விலை என்ன நானா?" என்று கேளுங்கள். முஸ்லிம் கடைக்காரரை இங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். மேசையில் கிடக்கும் கல்குலேட்டரை எடுத்து நாலு எண்ணைத் தட்டி, உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் மற்ற வாடிக்கையாளருக்கு அந்த விலை கேட்கக் கூடாது, அதற்குத்தான்.

அந்த மூன்று விநாடிக்குள் அவர் மனதில் எத்தனை கேள்விகள் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இவர் ஒன்று வாங்க வந்தவரா, பத்து வாங்க வந்தவரா? முன்பு வந்திருக்கிறாரா? இது புதிதாக இறங்கிய சரக்கா, போன வருடத்திலிருந்து தட்டில் கிடப்பதா? காலையில் முதல் வியாபாரமா, கடை பூட்டும் நேரமா? ஏற்கெனவே விலை குறைத்த துண்டையா பிடித்துக்கொண்டு நிற்கிறார்? இவ்வளவையும் எடைபோட்டுத்தான் எண் வருகிறது. பத்து நிமிடம் கழித்து வருபவருக்கு அதே சேலைக்கு வேறு எண் வரும். சிலருக்கு, "கட்டாது" என்று கல்குலேட்டரையே தொட மாட்டார்.

உங்கள் ஒன்லைன் கடையில் அந்த நானா இல்லை. இரவு இரண்டு மணிக்கு மட்டக்களப்பிலிருந்து ஒருவர் ஓடர் போடும்போது மென்பொருள் அவர் முகத்தைப் பார்க்காது. எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யும், எழுதாமல் விட்டதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளும். நானா மூன்று விநாடியில் போட்ட கணக்கை முன்கூட்டியே விதிகளாக எழுதிக் கொடுப்பதைத்தான் கழிவுத் திட்டம் என்கிறோம். யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, எந்த எல்லை வரை, எந்த நாள்களில் என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். முகநூலில் போடும் சிவப்பு நிறப் படம் அதற்கான விளம்பரம். பலர் அந்தப் படத்தையே திட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்துக்கு மூன்று நாள் செலவழித்து, விதிகளை மூன்று நிமிடத்தில் நிரப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இருபது எங்கிருந்து போகிறது?

ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கிய விலை, அதாவது கொள்விலை, 3,500 ரூபாய். விற்கும் விலை 5,000. இடையில் உள்ள 1,500 ரூபாய்தான் மொத்த இலாபம். விற்பனை விலையில் அது நூற்றுக்கு எத்தனை என்பதே இலாப வீதம். இங்கே 30.

இப்போது 20 வீதம் கழிவு கொடுங்கள். விலை 4,000 ஆகிறது. வாடிக்கையாளர் கண்ணில் இது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்கள் கணக்கில் அப்படி இல்லை. கொள்விலை 3,500 அசையாது. நெசவுகாரர் உங்களுக்காக அதில் நூற்றுக்கு இருபது குறைக்கப் போவதில்லை. ஆகவே குறைந்த 1,000 ரூபாயும் அப்படியே உங்கள் 1,500இலிருந்துதான் போகிறது. மிச்சம் 500. விலையில் ஐந்தில் ஒரு பங்கு போனது, இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனது.

முன்பு பத்துச் சேலை விற்று 15,000 ரூபாய் மொத்த இலாபம் பார்த்தவர், இதே 15,000ஐ எடுக்க இனி முப்பது விற்க வேண்டும். கழிவு 10 வீதமாக இருந்தால் ஒரு சேலையில் 1,000 மிஞ்சும், பதினைந்து விற்றால் போதும். 30 வீதம் என்றால் எத்தனை விற்றாலும் மொத்த இலாபம் பூச்சியம். பழைய இலாபத்தைப் புதிய இலாபத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு விற்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். கழிவு வீதத்தை முடிவு செய்யுமுன் இந்த ஒரு வகுத்தலைச் செய்தவர்கள் பெரும்பாலும் இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

அந்த 500இலும் இன்னும் சில கைகள் நீளும். உறை, பெட்டி, அட்டையில் காசு கட்டினால் வங்கி எடுக்கும் கட்டணம், கூரியர். பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுக்கும் முறையில், வீட்டில் ஆள் இல்லை என்று பார்சல் திரும்பி வந்தால் போன கூலி போனதுதான். கழிவுக் காலத்தில் ஆசையில் ஓடர் போட்டு, பிறகு மனம் மாறுகிறவர்களும் கூடுவார்கள்.

இன்னொரு குழப்பம் மிகவும் பரவலானது. "நான் கொள்விலைக்கு மேலே முப்பது வீதம் வைத்து விற்கிறேன். முப்பது வீதம் குறைத்தால் போட்ட முதலாவது திரும்பி வரும்" என்பார்கள். வராது. 3,500க்கு மேலே முப்பது வீதம் வைத்தால் 4,550. அதிலிருந்து முப்பது வீதம் குறைத்தால் 3,185. ஒவ்வொரு சேலைக்கும் 315 ரூபாய் போட்ட முதலிலிருந்தே போகிறது. ஏறும்போது 3,500இன் முப்பது, இறங்கும்போது 4,550இன் முப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு நல்ல மனிதர் இதை ஏற்றுக்கொள்ளாமல் என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் கல்குலேட்டர்தான் பழுது என்றார்.

பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த கடையாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 18 வீதம். நீங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலை 5,900 என்றால் அதில் 900 அரசாங்கத்துடையது, உங்களுடையது 5,000. இலாபத்தை 5,900இலிருந்து கணக்கிட்டால் இல்லாத 900 ரூபாயை இருப்பதாக நினைத்துக்கொண்டு கழிவு கொடுப்பீர்கள்.

அப்படியானால் ஏன்தான் கழிவு கொடுப்பது? காரணங்கள் உண்டு. போன வருடச் சரக்கு அலுமாரியில் கிடக்கிறது, அதில் முடங்கிய காசு வெளியே வந்தால் புதிது வாங்கலாம். அந்தச் சேலையை 3,500க்கே கொடுத்தாலும் தவறில்லை. அல்லது, உங்களை அறியாதவர் முதல் தடவை வாங்கிப் பார்க்க வேண்டும். அல்லது, ஒன்று வாங்குபவர் இரண்டு வாங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று வேறு விதிகள் தேவை. முதலாவதற்குக் குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் கழிவு. இரண்டாவதற்கு முதல் ஓடருக்கு மட்டும். மூன்றாவதற்கு, எண்ணிக்கையோ தொகையோ ஒரு மட்டத்தைத் தாண்டினால் மட்டும். மூன்றையும் ஒரே "எல்லாவற்றுக்கும் 20" என்பதால் சாதிக்கப் பார்க்கும்போது, அன்று எப்படியும் முழு விலைக்கு வாங்க வந்தவருக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள்.

இதுவரை பார்த்தது: கழிவு முழுவதும் இலாபத்திலிருந்துதான் போகிறது, விலையிலிருந்து சமமாகப் பிரிந்து போவதில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால்தான் எந்த விதி என்பது தெரியும்.

வாசலில் தொங்கும் பலகையும் காதோடு சொல்லும் விலையும்

ஷொப்பிஃபை, வூகொமர்ஸ் போன்ற கடை மென்பொருள்களில் பெயர்கள் மாறுமே தவிர உள்ளே இருப்பது இரண்டு வகைதான். தானியங்கிக் கழிவு என்பது கடை வாசலில் தொங்கும் பலகை. நிபந்தனை பொருந்தினால் யாருக்கும் தானாகவே குறையும். மற்றது கூப்பன் குறியீடு. காசு கட்டும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தட்டினால்தான் குறையும். நானா கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டியதற்குச் சமம் இது.

சமம் என்றேன், முழுச் சமம் இல்லை. கல்குலேட்டரில் காட்டிய எண் அழிந்துவிடும். குறியீடு அழியாது. வட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டிலிருந்தே சேலை விற்கும் அக்கா ஒருவருக்கு இது பொங்கலுக்கு நடந்தது. தன்னுடைய முப்பது பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் என்று நினைத்து "பொங்கல்20" என்ற குறியீட்டை அனுப்பினார். அதை உருவாக்கும்போது வீதம் என்ற பெட்டியில் 20 என்று நிரப்பினார், மற்றப் பெட்டிகளை வெறுமையாக விட்டார். "அதெல்லாம் பெரிய கடைகளுக்கு என்று நினைத்தேன்" என்றார் பிறகு.

மறுநாள் காலை ஓடர்கள் குவிந்திருந்தன. முகம் மலர்ந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓர் ஓடரைத் திறந்து வரி வரியாகப் படித்தோம். சேலையின் பட்டியல் விலை 5,000. அது பழைய சரக்கு என்பதால் ஏற்கெனவே 25 வீதம் குறைத்துப் போட்டிருந்தார், 3,750. அதன்மேல் பொங்கல்20 ஏறி 3,000. அவருடைய கடையில் 2,500க்கு மேல் வாங்கினால் கூரியர் இலவசம், அவர் கட்டும் கூலி 400. கொள்விலை 3,500, கூலி 400, கையில் வந்தது 3,000. ஒரு சேலையையும் கொடுத்து 900 ரூபாயையும் கூடவே கட்டி அனுப்புகிற ஓடர். ஓடர் போட்டவரை அக்காவுக்குத் தெரியாது, முகவரியும் புதிது. குறியீடு ஏதோ ஒரு குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதே ஆள் அன்றிரவு மூன்று தடவை ஓடர் போட்டிருந்தார்.

அந்த மனிதர் மேல் குற்றம் இல்லை. விதி அனுமதித்ததைத்தான் செய்தார். அக்கா வெறுமையாக விட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நானாவின் தலைக்குள் இருந்த கேள்விகளே அங்கே பெட்டிகளாக இருப்பது தெரியும்.

"ஆளுக்கு எத்தனை தடவை" என்று ஒரு பெட்டி. அதில் 1 என்று போட்டிருந்தால் மூன்று ஓடர் ஒன்றாகியிருக்கும். ஆனால் மென்பொருள் ஆளை அடையாளம் காண்பது மின்னஞ்சலையோ கணக்கையோ வைத்துத்தான். இரண்டு மின்னஞ்சல் வைத்திருப்பவர் அதற்கு இரண்டு ஆள். அதனால் "மொத்தம் எத்தனை தடவை" என்ற அடுத்த பெட்டி இன்னும் முக்கியம். முப்பது பேருக்கு அனுப்பினால் 30 என்று போடுங்கள். யாரிடம் கசிந்தாலும் முப்பத்தோராவது ஓடருக்கு வேலை செய்யாது. நட்டம் எத்தனை ஓடரோடு நிற்கும் என்பது அன்றே தெரிந்துவிடும். எனக்கு ஒரேயொரு பெட்டியை மட்டும் நிரப்பும் உரிமை கொடுத்தால் இதைத்தான் நிரப்புவேன்.

"ஏற்கெனவே விலை குறைத்த பொருள்களை விலக்கு" என்று ஒரு சிறிய சதுரம். அதில் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தால் அந்த 3,750, 3,000 ஆகியிருக்காது. "குறைந்தபட்சத் தொகை" என்பது, கூடை இந்த அளவைத் தாண்டினால் மட்டும் கழிவு என்பதற்கு. கூடை என்றால் காசு கட்டுமுன் வாடிக்கையாளர் சேர்த்து வைத்திருக்கும் பொருள்கள் எல்லாம். எந்த மின்னஞ்சல்களுக்கு மட்டும் செல்லும் என்று கட்டுப்படுத்தும் வசதியும் பல மென்பொருள்களில் உண்டு. முப்பது பேருக்கு மட்டும் என்பது அக்காவின் மனதில் இருந்தது, மென்பொருளிடம் சொல்லப்படவில்லை.

கழிவின் வடிவத்தைப் பற்றியும் சிறிது. வீதம் ஒரு வடிவம், நிலையான தொகை இன்னொரு வடிவம். "300 ரூபாய் குறைவு" என்பதைக் கூடைக்கு என்று கொடுத்தால், நாலு பொருள் வாங்கினாலும் மொத்தத்தில் 300தான். பொருளுக்கு என்று கொடுத்தால் நாலுக்கும் சேர்த்து 1,200. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், விரல் தவறினால் போயிற்று. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை என்றால் அது ஐம்பது வீதக் கழிவு. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது முப்பத்து மூன்று வீதத்துக்குச் சற்று மேல். முப்பது வீத இலாபத்தில் நடக்கும் கடைக்கு இரண்டுமே கட்டாது.

இலவச விநியோகமும் கழிவுதான், பெயர்தான் வேறு. அதை எந்தத் தொகையில் தொடங்குவது என்பதற்கு என் வழி இது: ஓர் ஓடர் சராசரியாக எவ்வளவுக்கு வருகிறது என்று பாருங்கள். சராசரி 4,200 என்றால் எல்லையை 5,000இல் வைத்தால், இன்னும் 800 ரூபாய்க்கு ஒரு சட்டைத்துணியைச் சேர்த்துக்கொள்வார்கள். 2,500இல் வைத்தால் யாரும் எதையும் சேர்க்கப் போவதில்லை, எல்லாருக்கும் கூலியை நீங்களே கட்டுகிறீர்கள். அந்த எல்லையைக் கூப்பன் கழித்ததற்கு முன் பார்ப்பதா பின் பார்ப்பதா என்பதற்கும் சில மென்பொருள்களில் தனிச் சதுரம் உண்டு.

சுருக்கமாக, குறியீடு காதோடு சொன்ன விலை, ஆனால் கசியும் விலை. கசிந்தாலும் தாங்கக்கூடிய எல்லைகளோடு அதை அனுப்ப வேண்டும்.

இரண்டு கழிவுகள் சந்திக்கும்போது

அக்காவின் ஓடரில் நடந்ததற்குப் பெயர் அடுக்கல்: ஒரு கழிவின்மேல் இன்னொன்று ஏறுவது. 25உம் 20உம் சேர்ந்து 45 என்று தோன்றும். முதல் கழிவுக்குப் பின் மிஞ்சியதில்தான் இரண்டாவது கணக்கிடப்பட்டால் அது 40. வாடிக்கையாளர் 45ஐ எதிர்பார்த்து, "ஏன் குறைவாகக் கழித்தீர்கள்?" என்று எழுதுவார். அடுக்க அனுமதிப்பதானால் இதை முன்பே ஒரு வரியில் எழுதி வையுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், தொடக்கத்தில் அடுக்கலையே பூட்டிவிடுங்கள். "இந்தக் கூப்பனை வேறு கூப்பனோடு சேர்க்க முடியாது" என்ற தெரிவு பெரும்பாலான மென்பொருள்களில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது.

கடனட்டைக்கு வங்கிகள் தரும் சலுகைகளும் இங்கே வந்து சேரும். அந்தக் கழிவில் எவ்வளவு வங்கி ஏற்கிறது, எவ்வளவு நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்தக் கழிவு அதோடு சேருமா என்று முடிவு செய்யுங்கள்.

பன்னிரண்டு மணி என்றால் எந்தப் பன்னிரண்டு?

இது என்னுடைய சொந்தத் தவறு. ஒரு கடைக்குச் சித்திரைப் புத்தாண்டுக் கழிவை நானே அமைத்தேன். முடிவு நாள் என்ற இடத்தில் ஏப்ரல் 14 என்று போட்டேன், 14 இரவு வரை நடக்கும் என்ற நினைப்பில். அந்த மென்பொருளுக்கோ முடிவு நாள் என்றால் அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு. புத்தாண்டுக் காலையில் நான் மருத்துநீர் வைத்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கைபேசி நிறையப் படங்கள், எல்லாவற்றிலும் "இந்தக் கூப்பன் காலாவதியாகிவிட்டது." பதினைந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் நல்ல நேரம் பார்த்து.

இன்னொரு கடையில் நேரவலயம் கிரீன்விச் நேரத்திலேயே கிடந்தது. கடை திறந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவுக்கு என்று அறிவித்த கழிவு காலை 5.30க்குத்தான் தொடங்கியது. விழித்திருந்து காத்தவர்கள் திட்டிவிட்டுத் தூங்கிப் போனார்கள். 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்த காலம் நினைவுள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது.

கோடு போட்ட விலை

விலைக்கு மேல் கோடு போட்டு, பக்கத்தில் சிறிய விலையைக் காட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள். கோடு போட்ட அந்த எண்ணுக்கு ஒப்பீட்டு விலை என்று பெயர் வைத்துக்கொள்வோம்: "முன்பு இதற்கு விற்றேன்" என்று கடைக்காரர் சொல்லும் விலை. அது உண்மையில் விற்ற விலையாக இருக்க வேண்டும். 5,000க்கு விற்றதை 8,000 என்று எழுதிக் கோடு போட்டு, "40 வீதக் கழிவு, 4,800 மட்டும்" என்றால் அது கழிவு இல்லை, பொய்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. கடை காலி வீதியில் இருந்தாலும் கைபேசித் திரையில் இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து இன்னும் இறுக்கமான விதி இருக்கிறது. விலை குறைத்ததாக அறிவித்தால், பொதுவாக அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் முந்தைய விலையாகக் காட்ட வேண்டும். அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் என் கடைக்காரர்களுக்கு அதையே அளவுகோலாகச் சொல்கிறேன். எளிது, வாதாட்டம் இல்லை.

சட்டத்தை விடுங்கள், எப்போதும் கோடு போட்ட விலையோடு இருக்கும் கடையில் யாரும் முழு விலை கொடுக்கப் பழகுவதில்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பிடிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைத்தொடர் நல்ல சாட்சி. ஓயாமல் கூப்பனும் கழிவுமாக நடந்துகொண்டிருந்த அந்தக் கடைகளில், 2012இல் புதிய பிரதம நிறைவேற்று அதிகாரி ரொன் ஜோன்சன் அவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, எந்நாளும் குறைந்த நேர்மையான விலை என்று மாற்றினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கூப்பன் வெட்டியே பழகிய வாடிக்கையாளர்கள் வரவில்லை. அந்த ஒரே நிதியாண்டில் விற்பனை சுமார் கால்வாசி சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார், கழிவுகள் திரும்பி வந்தன. தொடங்குவது ஒரு சொடுக்கு, நிறுத்துவது அப்படி இல்லை.

பெரிய தளங்களின் 11.11 மாதிரியான நாள்களைப் பார்த்துச் சிறு கடைகள் பதறுவதும் இதனோடு சேர்ந்ததுதான். சீனாவின் ஒன்லைன் வணிக நிறுவனமான அலிபாபா 2009இல் இருபத்தேழு வணிகர்களோடு தொடங்கிய நாள் அது. 2018இல் அந்த நிறுவனம், நம் நாட்டிலும் இயங்கும் டராஸ் என்ற ஒன்லைன் சந்தையை வாங்கியது, இன்று நவம்பர் 11 கொழும்பிலும் எல்லாருக்கும் தெரிந்த நாள். அன்று ஒரு தளம் இலட்சக்கணக்கான பொருளில் ஒரு பகுதிக்குக் கழிவு கொடுக்கும். நாற்பது சேலை வைத்திருப்பவர் அன்று அதோடு போட்டி போட வேண்டிய அவசியம் எனக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து, சத்தம் அடங்கியபின் தன் பழைய வாடிக்கையாளருக்கு ஒரு குறியீடு அனுப்பினால் யாராவது கவனிப்பார்கள்.

வேலை செய்ததா என்று பார்ப்பது

கழிவு நாள்களில் விற்பனை ஏறும். அதில் ஆச்சரியம் இல்லை. கேட்க வேண்டியது வேறு: கழிவு இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் விற்பனை எவ்வளவு? அதைக் கழித்து மிஞ்சுவதுதான் கூடுதல் விற்பனை. அடுத்த மாதம் வாங்க இருந்தவர் இந்த மாதமே வாங்கிக்கொண்டால் அது கூடுதல் இல்லை, அடுத்த மாதத்திலிருந்து வாங்கிய கடன். அதனால் கழிவு நடந்த வாரத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம் எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்து வாரத்தின் மொத்த இலாபத்தைச் சாதாரணமான ஐந்து வாரத்தோடு ஒப்பிடுங்கள். விற்பனைத் தொகையை அல்ல, இலாபத்தை.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், பழைய வாடிக்கையாளர் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குறியீட்டை அனுப்புங்கள். இரண்டு பாதியும் அந்த மாதம் எவ்வளவு வாங்கின என்று பாருங்கள். கிடைக்காத பாதியும் ஏறக்குறைய அதே அளவு வாங்கியிருந்தால் உங்கள் கழிவு பரிசாகப் போயிருக்கிறது.

ஒழுங்கை அக்கா தீபாவளிக்கு மறுபடியும் முயன்றார். இம்முறை 12 வீதம், விலை குறைத்த சேலைகள் விலக்கு, 6,000க்கு மேல், ஆளுக்கு ஒன்று, மொத்தம் முப்பது. முடிவு நாளுக்கு அடுத்த நாளைப் போட்டார். நான் சொன்ன கதை மறக்கவில்லை. குறியீட்டை யாருக்கும் அனுப்புமுன் இரவு பதினொரு மணிக்குத் தன் கடையில் தானே ஓர் ஓடர் போட்டுப் பார்த்தார். கழிந்தது. அதே மின்னஞ்சலில் இரண்டாவது தடவை போட்டார். திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது: "இந்தக் கூப்பனின் பயன்பாட்டு எல்லை முடிந்துவிட்டது." அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, நானா கட்டாது என்கிறார்."